கணிதம் பயிலாதார்க்குக் கணித மாதிரி

கணிதத்தைச் சிறப்புப் பாடமாகக் கொள்ளாத கல்லூரி மாணவர்க்கும் கணித மாதிரி அமைக்கும் பயிற்சி வேண்டும் என்பதை இன்று மறுப்பார் அரியர். புவியியலும் பொருளியலும் விவசாயமும் பயில்வோர், நாளை மழையையும் விளைச்சலையும் நோயையும் எண்களாற் காட்டும் அறிக்கைகளைப் படித்து முடிவுகூற வேண்டியவராவர். ஆதலின் பாடத்திட்டத்தில் இதற்கு இடமளித்தமை பாராட்டுக்குரியதே. அவ்விடத்தை நாம் எவ்வாறு நிரப்புகின்றோம் என்பதே இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

வழக்கமான பாடம் இவ்வாறு நிகழும். ஆசிரியர் கரும்பலகையில் நேர்கோட்டுச் சமன்பாட்டை எழுதுவார். அடுத்து அடுக்குக்குறிச் சமன்பாட்டை எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் எண்கள் நிறைந்த அட்டவணை ஒன்றைத் தருவார். மாணவர் எண்களைப் பொருத்தி விடை காண்பர். இப்பொழுது அவ்வேலையையும் கணினி நொடிப்பொழுதிற் செய்துவிடுகின்றது. எவ்வினாவுக்கு விடை தேடுகின்றோம், எதனைக் கணக்கிற் சேர்த்தோம், எதனை விட்டோம் என்பன பேசப்படுவதில்லை. இதனை மாதிரி அமைத்தல் என்பது, பிறர் தைத்த சட்டையை அணிந்து பார்த்துவிட்டுத் தையற்கலை கற்றேன் என்பதை ஒக்கும்.

இக்குறையை விளக்க நம் நாட்டு மலேரியா வரலாற்றைக் காட்டிலும் தக்க சான்று கிடைப்பதரிது. 1934-35ஆம் ஆண்டுகளில் கேகாலை, குருநாகல் மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கிக் கண்டிப் பகுதியையும் பற்றிய அக்காய்ச்சலால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். உலர் வலயத்தில் ஆண்டுதோறும் வந்துபோன நோய், ஈர வலயத்தில் அவ்வளவு கொடுமையாக மூண்டது ஏன்? இவ்வினாவைக் கலைத்துறை மாணவர் வகுப்பொன்றில் ஒருமுறை எழுப்பினேன். சூத்திரம் எதுவும் கொடுக்கவில்லை. மழை கூடினால் மலேரியா கூடுமா, குறையுமா என்று மட்டும் கேட்டேன். வவுனியாவிலிருந்து வந்த மாணவி, மாரிகாலக் காய்ச்சலைப் பற்றித் தம் அம்மம்மா சொல்லக் கேட்டதை நினைவுகூர்ந்து, கூடும் என்றார். கம்பளை மாணவர் ஒருவர், பெருகிவரும் ஆறு நுளம்புக் குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடுமே என்று மறுத்தார்.

இருவர் கூற்றும் உண்மையே. உலர் வலயத்தில் மழை பெய்து நீர் தேங்க நுளம்பு பெருகும். ஈர வலயத்திலோ மழை பொய்த்து ஆறு வற்றும்போதுதான், மணற்படுகையில் ஆங்காங்கே எஞ்சும் குட்டைகளில் அது பெருகும். 1934இல் நிகழ்ந்தது இதுவே. அன்றியும், இந்நோயை அடிக்கடி கண்டறியாத ஈர வலய மக்களின் உடலில் அதனைத் தாங்கும் வலிமையும் குறைவாயிருந்தது. ஆகவே, மழை என்ற ஒரே மாறி ஓரிடத்தில் ஏறுகோட்டையும் மற்றோரிடத்தில் இறங்குகோட்டையும் தருகின்றது. நாடு முழுவதற்குமான எண்களை ஒன்றாகக் கூட்டி ஒரு கோட்டைப் பொருத்தினால், இவ்விரண்டும் ஒன்றையொன்று மறைத்து, மழைக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பே இல்லை என்ற முடிவுகூடத் தோன்றலாம். இதனை அன்று மாணவரே கண்டுகொண்டனர். நான் செய்தது வாய் திறவாதிருந்தது மட்டுமே, அதுவும் எளிதன்று.

நுண்கணிதம் அறியாதார்க்கு மாதிரி எங்ஙனம் கைகூடும் என நண்பர் சிலர் வினவுவர். இத்துறையின் முன்னோடியே ஒரு மருத்துவர் என்பதை அவர்க்கு நினைவூட்ட விரும்புகின்றேன். மலேரியாவை நுளம்பு பரப்புவதைக் கண்டறிந்து 1902இல் நோபெல் பரிசு பெற்ற றொனால்ட் றொஸ், எல்லா நுளம்புகளையும் ஒழிக்காமலே நோயை ஒழிக்கலாம் என்பதைக் கணக்கினாற் காட்டினார். அதன் சாரம் பெருக்கலே. ஒரு நோயாளியிடமிருந்து மூவர்க்கு நோய் பரவுமெனக் கொண்டால், 1, 3, 9, 27 எனத் தொகை வளரும். நுளம்புகளை மூன்றிலொரு பங்குக்கும் கீழாகக் குறைத்தால், ஒருவரிடமிருந்து ஒருவர்க்கும் குறைவாகவே பரவும். நோய் தானே தேய்ந்துவிடும்.

1950களில் ஜோர்ஜ் மக்டொனால்ட் இதனை மேலும் கூர்மையாக்கினார். நுளம்பின் உடலிற் புகுந்த கிருமி முதிர்வதற்கு ஏறத்தாழப் பத்து நாள் ஆகும். நாளொன்றுக்குப் பத்தில் ஒன்பது நுளம்புகள் உயிர்தப்புமாயின், பத்து நாளின் பின் நூற்றுக்கு 35 எஞ்சும். பத்தில் எட்டே தப்புமாயின் எஞ்சுவன 11. நாளாந்தப் பிழைப்பிற் சிறு குறைவு; முடிவில் மூன்றிலொரு பங்காக வீழ்ச்சி. குருதி குடித்த நுளம்பு வந்தமரும் சுவரில் டி.டி.ரி. தெளித்ததன் பயன் இதனால் விளங்கும். இக்கணக்குக்கு வேண்டுவது பத்துமுறை பெருக்கும் பொறுமை ஒன்றே. ‘பத்தில் ஒன்பது’ என்ற எடுகோள் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுவதுதான் கல்வி. 2017இல் 1,86,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்குவால் பீடிக்கப்பட்டதைக் கண்ட தலைமுறைக்கு இக்கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அன்று.

இனி, கோட்டைப் பொருத்துவதோடு நின்றுவிடும் பாடத்தின் விளைவைப் பார்ப்போம். இலங்கையில் 1946இல் ஏறத்தாழ 28 இலட்சமாயிருந்த மலேரியா நோயாளர் தொகை, மருந்து தெளித்தலின் பின் படிப்படியாக வீழ்ந்து 1963இல் 17 ஆயிற்று. இவ்விரண்டு எண்களையும் அடுக்குக்குறிச் சமன்பாட்டிற் பொருத்தினால், தொகை ஆண்டுதோறும் ஏறத்தாழப் பாதியாகின்றது என வரும். அதே கோட்டை நீட்டினால் 1968இல் ஒருவரோ, எவருமில்லையோ என்று முடியும். கணக்கிற் பிழையில்லை. ஆனால் 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோயாளர் தொகை மீண்டும் இலட்சக்கணக்காயிற்று. மருந்து தெளித்தல் கைவிடப்பட்டதும் கண்காணிப்புத் தளர்ந்ததும் கோட்டுக்குத் தெரியா. இந்நாடு மலேரியா அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016இலேயாம். றொஸின் பெருக்கற் கணக்கோ இவ்வாறு ஏமாற்றியிராது. நுளம்பு மீண்டும் பெருகினால் என்னாகும் என்ற வினா அதனுள்ளேயே இருக்கின்றது. நோயாளர் பதினெழுவர் என்பதன்று, அவருள் ஒருவரிடமிருந்து எத்தனை பேர்க்குப் பரவும் என்பதே அங்கு கேள்வி.

இவற்றையெல்லாம் எழுதும் தகுதி எனக்கு உண்டோ என்ற ஐயம் எழுதும்போதே எழுகின்றது. சில ஆண்டுகளுக்கு முன், மேற்கூறிய இரு எண்களையே கொண்ட வினாவொன்று நான் திருத்திய தேர்வுத்தாளில் இருந்தது. மாணவர் ஒருவர் சமன்பாட்டைச் சரியாகப் பொருத்திவிட்டு, 1968க்கான விடையை எழுதாது, ‘மருந்து தெளித்தலை நிறுத்தினால் இக்கோடு செல்லாது, அதனை அறியாமல் விடை கூற இயலாது’ என ஓரத்திற் குறித்திருந்தார். புள்ளித்திட்டத்தில் அதற்கு இடமில்லை. ஐந்து புள்ளிக்கு இரண்டு இட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.