அம்மியும் மூக்குப்பேணியும்: சமையல் காணொளிகளில் புழங்குபொருள்கள்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், முரசுமோட்டையில் நான் படிப்பிக்கிறேன். இடைவேளையில் பிள்ளைகள் எதைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று காது கொடுத்தால், பாதி நாள் அது சினிமா இல்லை. எங்கேயோ ஒரு கிராமத்தில் நாலைந்து பேர் சேர்ந்து அண்டாவில் ஆட்டுக்கறி ஆக்கிய காணொளியாக இருக்கும். 'இதில என்ன கிடக்கு?' என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். பிறகு ஒரு விடுமுறை முழுக்க இருந்து பார்த்தேன். தமிழ் படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது என்று பட்டது.

'வில்லேஜ் குக்கிங் சனல்' 2018இல் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் தொடங்கியது. முன்பு விருந்துச் சமையல் செய்த பெரியதம்பித் தாத்தாவும் அவருடைய பேரன்மாரும்தான் குழு. 2021 தை மாதம் ராகுல் காந்தி வந்து இவர்களோடு காளான் பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி கலந்தார். அதே ஆண்டில், ஒரு கோடி சந்தாதாரரை எட்டிய முதல் தமிழ்ச் சனல் என்ற பெயரையும் எடுத்தார்கள்.

இதைப் பார்த்துச் சமைக்கப் பழகலாம் என்று யாரும் வரவேண்டாம். சரக்கின் பெயரை உரத்துக் கூவிக் கூவிப் போடுகிறார்களே தவிர, எங்கள் வீட்டு அடுப்புக்கு அளவு சொல்வது அவர்கள் நோக்கமில்லை. கமரா காதலிப்பது பொருள்களை: அம்மி, குழவி, அண்டா, நீளக் கரண்டி, வாழையிலை, விறகு நெருப்பு. மஞ்சள் அம்மியில் நசிகிற ஓசையை ஒலிவாங்கி அவ்வளவு கிட்டவாகப் பிடிக்கிறது. நாங்கள் தினம் கண்டும் காணாமல் விட்ட சாமான்களை, 'இதைக் கொஞ்சம் பார்' என்று நிறுத்திக் காட்டுகிறது. இது சின்ன வேலையில்லை. நல்ல கவிதையும் இதைத்தானே செய்கிறது?

ஆனால் தமிழ் வகுப்பில் திணை படிப்பிக்கிறவளுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவும் மரமும் தொழிலும் கருப்பொருள். அவற்றின் நடுவே நிற்கும் மனிதரின் மனநிலை உரிப்பொருள். இந்தக் காணொளிகளில் முதலும் கருவும் நிரம்பி வழிகின்றன. உரிப்பொருள் எங்கே? அம்மி இருக்கிறது, அதை ஆயுள் முழுக்க அரைத்த பெண் இல்லை. திரையில் அரைப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். எங்கள் கந்தூரிச் சமையலும் ஆண்களுடையதுதான். ஆகவே அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அம்மி அங்கே விழாப் பொருளாகிவிட்டது, அன்றாடம் அதிலிருந்து கழன்றுவிட்டது என்பதைத்தான் சொல்கிறேன். சீனாவின் லீ ட்ஸிச்சி மூங்கில் வெட்டுவதிலிருந்து தொடங்கித் தன் இருக்கையைத் தானே செய்து முடிப்பார். அங்கே பொருளுக்கு ஒரு பிறப்பாவது உண்டு. நம்முடைய காணொளிகளில் அம்மி வானத்திலிருந்து விழுந்ததுபோல் கிடக்கிறது.

பொருளின் கதையை விட்டுவிட்டு அழகை மட்டும் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்து மூக்குப்பேணி நல்ல உதாரணம். பித்தளையில் செய்து, மினுக்கி, இப்போது அலங்காரத் தட்டுகளில் வைக்கிறார்கள். படத்துக்கு அருமையான பாத்திரம். உதடு படாமல் அண்ணாந்து குடிக்க வாகான மூக்கு அதற்கு. ஆனால் 'உதடு படக்கூடாது' என்ற எண்ணம் எங்கள் வடக்கில் வெறும் சுத்தம் பற்றியது மட்டுமா? ஒருவருக்குப் பேணி, இன்னொருவருக்குச் சிரட்டை என்று இருந்த ஊர்கள் இவை. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைக்குள் போய் எல்லாரையும்போல இருந்து குடிப்பதற்காகவே மக்கள் போராட வேண்டியிருந்தது. மினுங்குகிற பேணி அதைச் சொல்லாது. நாம் கேட்டால்தான் சொல்லும்.

இதற்கு எதிரே எங்கள் சஹனை வைத்துப் பார்க்கலாம். ஒரே தட்டு, சுற்றிவர ஐந்தாறு பேர், ஒரே சோற்றில் எல்லார் கையும். கலியாண வீட்டுச் சஹனைக் காட்டும் காணொளிகளைப் பார்க்கையில் எனக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் அங்கேயே நிறுத்தினால் நானும் அதே கமராவைத்தான் தூக்குகிறேன். நான் கண்ட பல வீடுகளில் பெண்களின் சஹனுக்குச் சோறு பிந்தித்தான் வந்தது. அதையும் சேர்த்தே சஹனை எழுத வேண்டும்.

போன தவணையில் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் பாவிக்கிற ஒரு பொருளை இரண்டு நிமிடம் படம்பிடித்து வரச் சொன்னேன். பெரும்பாலோர் சனல்களைப் பார்த்தே செய்திருந்தார்கள்: புளி போட்டு மினுக்கிய செம்பு, புல்லாங்குழல் இசை, மெதுவாக விழும் தண்ணீர். ஒரு பிள்ளை மட்டும் அடி நெளிந்த அலுமினியப் பானை ஒன்றைப் பிடித்திருந்தாள். வெளிச்சம் போதாது, கை நடுங்குகிறது. அம்மம்மாவின் கை அதற்குள் அரிசி களைகிறது. பின்னால் பிள்ளையின் குரல்: "இது முகாமில தந்தது ரீச்சர். இதுக்கு முந்தின சாமான் எங்களிட்ட ஒண்டும் இல்லை."

2009 தை மாதம் அந்தக் குடும்பம் இந்த வீதியால்தான் கிழக்கே போனது. கடைசியில் செட்டிகுளம் முகாம். பானை அங்கே கிடைத்தது. எனக்கு உம்மாவின் அம்மி நினைவுக்கு வந்தது. 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்றிலிருந்து எங்களை வெளியேற்றியபோது எனக்கு எட்டு வயது. உடுப்பை எடுக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம். அம்மியைத் தூக்கிக்கொண்டு யாரும் போவதில்லை. புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் உம்மா அயலாரின் அம்மியில் முறை பார்த்திருந்து அரைத்தார். இருபது வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்தபோது கிணற்றடியில் அம்மி கிடந்தது. குழவி இல்லை.

அந்த இரண்டு நிமிடக் காணொளியில் கருப்பொருள் ஒரேயொரு பானைதான். உரிப்பொருள் இருந்தது. பிரிவும் இரங்கலும் என்று நான் கரும்பலகையில் எழுதிப் போடுகிற சொற்கள் அதற்குள் கிடந்தன. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அது முஸ்லிம் வீட்டுக் கதையா தமிழ் வீட்டுக் கதையா என்று பிரித்துப் பார்க்க எனக்கும் முடியவில்லை.

யூடியூபை விட்டுத் தள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பொருளை உற்றுப் பார்க்கப் பழக்கியது அதுதான். அடுத்த படியை நாங்கள் பழக்கவேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் போன் இருக்கிறது. உம்மாவிடம் ஒரு சட்டியோ, பாயோ, மருதமுனைச் சாரனோ இருக்கும். யார் செய்தது, யார் பாவித்தது, யாருக்குத் தரவில்லை, எப்போது தொலைந்தது என்று கேட்டுக்கேட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். மினுக்க வேண்டாம்.