உருவப்படமும் அடையாளப் பெயரும்: ஆகுஸ்ட் சாண்டரின் ‘துன்புறுத்தப்பட்டோர்’ தொகுதி

முன்னுரை

உருவப்படம் முகத்தைக் காட்டுகிறது. அதன் கீழுள்ள பெயரோ அம்முகத்தை எவ்வாறு நோக்குவது என்பதை வரையறுக்கிறது. ஜெர்மானிய ஒளிப்படக் கலைஞர் ஆகுஸ்ட் சாண்டர் (1876–1964) ‘இருபதாம் நூற்றாண்டின் மக்கள்’ என்னும் தம் வாழ்நாள் தொகுப்பில் கையாண்ட அடையாளப் பெயர்களின் இயல்பையும் வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தொழிற்பெயரும் அதன் வரம்பும்

சாண்டர் தம் காலச் சமூகத்தை உழவர், கைவினைஞர், பெண், தொழில்நிலைகள், கலைஞர், மாநகர், கடைநிலை மக்கள் என ஏழு குழுக்களாகப் பகுத்தார். படங்களின் கீழ்ப் பெரும்பாலும் இயற்பெயர் இல்லை; தொழிற்பெயரே உண்டு. 1928இல் எடுக்கப்பட்ட அடுமனையாளர் படமும் செங்கல் சுமக்கும் தொழிலாளியின் படமும் ஒத்த நிமிர்வுடன் பார்வையாளரை எதிர்கொள்கின்றன. இங்குத் தொழில் வேறுபாடு மதிப்பின் வேறுபாடாக மாறவில்லை.

எனினும் இப்பகுப்பு நடுநிலையானதன்று. ஆண்கள் தொழிலால் வகைப்படுத்தப்பட, பெண்கள் பாலால் தனிக்குழுவாயினர்; அவர்களுள் சிலர் கணவரின் தொழில்வழியே, ‘ஓவியரின் மனைவி’ என்பதுபோல், அறியப்படுகின்றனர். பார்வையற்றோரும் நோயுற்றோரும் ‘கடைநிலை மக்கள்’ ஆக்கப்பட்டனர். முகத்திற்கு ஒளிப்படம் அளித்த மதிப்பை வகைப்பெயர் இவ்விடங்களில் குறைத்துவிடுகிறது.

அரசு இட்ட பெயர்

60 உருவப்படங்களுடன் 1929இல் வெளிவந்த ‘காலத்தின் முகம்’ நூலின் அச்சுத் தகடுகளை நாசி அரசு 1936இல் அழித்தது. அரசியல் கைதியான அவர் மகன் எரிக் 1944இல் சிறையிலேயே இறந்தார். 1938இல் யூதர்களின் அடையாள அட்டையில் ‘ஜே’ என்னும் எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. அக்காலத்தில் கொலோன் நகர யூதர்கள் பலரைச் சாண்டர் படமெடுத்தார். அவை அத்தகைய அட்டைகளுக்காக எடுக்கப்பட்டவை எனக் கருதப்படுகிறது.

போருக்குப்பின் அப்படங்களை அவர் தம் தொகுப்பில் சேர்த்தபோது ‘யூதர்’ என்று பெயரிடவில்லை, ‘துன்புறுத்தப்பட்டோர்’ என்றார். ‘யூதர்’ என்னும் பெயர் அன்றைய அரசின் வழக்கில் பிறப்பைச் சுட்டிப் பிரித்தது. ‘துன்புறுத்தப்பட்டோர்’ என்பதோ செயப்பாட்டுவினையடியாகப் பிறந்த பெயர், ‘யாரால்?’ என்னும் வினாவை அது தன்னுள் கொண்டுள்ளது. அவ்வினாவிற்கு விடையும் அதே தொகுப்பில் உள்ளது: சீருடையணிந்த நாசியர் தனித் தொகுதியாக இடம்பெறுகின்றனர். மேலும், துன்புறுத்தப்பட்டோரைச் சாண்டர் கடைநிலை மக்கள் குழுவில் வைக்கவில்லை. மாநகர்க் குழுவில் வைத்தார். அரசு புறந்தள்ளியவர்கள் அதனால் மீண்டும் நகரத்தார் ஆகின்றனர்.

முடிவுரை

அடையாளப் பெயரின்றி மனிதரைக் காட்டுவது சாண்டரின் நோக்கமன்று. ஒருவரது இயல்பைச் சுட்டும் பெயருக்கு மாற்றாக, அவருக்கு இழைக்கப்பட்டதைச் சுட்டும் பெயரை வைக்க முடியும் என்பதே இத்தொகுதி உணர்த்தும் உண்மை. பெண்களுக்கும் நோயுற்றோருக்கும் அம்மாற்றுப்பெயர் கிட்டவில்லை என்பது இத்தொகுப்பின் குறை. அக்குறையை அளந்தறிவதற்கான அளவுகோலும் அத்தொகுப்பிலேயே, ‘துன்புறுத்தப்பட்டோர்’ என்னும் பெயரில் உள்ளது.