பால்வாடிச் சுவரைப் பார்க்கும் விதம்

செருப்பை வாசலில் விட்டதும் முதல் வேலை, உட்கார்வது. நின்றுகொண்டு பார்த்தால் ஆனேக்கல் பக்கத்து அங்கன்வாடிகளில் கண்ணில் படுவது பெயின்டரின் கைவேலைதான்: கன்னட எழுத்துகள், ஒரு மயில், காய்கறிக் கூடை, தடுப்பூசி அட்டவணை. எனாமல் பெயின்டின் பளபளப்பு. மோசமில்லை, ஆனால் அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். தரையில் சம்மணம் போட்டால் மூன்று வயதுக்காரரின் கண் மட்டத்துக்கு வருவீர்கள். சுவரின் கீழ் மூன்றடி அவர்களுடையது. மயிலின் கால்களுக்கு யாரோ சாக்பீஸில் செருப்பு போட்டுவிட்டிருப்பது அங்கிருந்துதான் தெரியும்.

நம் ஊரில் பால்வாடி என்கிறோம். கர்நாடகத்திலும் அரசுப் பெயர் அங்கன்வாடிதான். அங்கன் என்றால் முற்றம். தெற்கத்திக்காரர்களுக்கு அங்கணம் என்றதும் பாத்திரம் கழுவும் இடம் நினைவுக்கு வரும், அதுவும் ஒரு காலத்தில் முற்றத்து மூலைதான். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோது கர்நாடகத்துக்குக் கிடைத்த இடம் டி. நரசிப்பூர். கர்ப்பிணிக்குச் சாப்பாடு, பிள்ளைக்கு எடை, ஊசி, பாட்டு, கதை என்று ஒரு குடும்பம் தடுமாறக்கூடிய ஆறேழு வருடத்துக்கு ஒரே அறையில் கைகொடுக்கும் ஏற்பாடு. அதில் கலை என்று தனியாக ஒரு பதிவேடு கிடையாது. அதனால்தான் அதைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் கண்டுகொண்ட வழி ஒன்றுதான்: கை மாறும் இடத்தைப் பாருங்கள். ஒருவர் நிறுத்தி இன்னொருவர் தொடர்ந்த இடம் எங்கே என்று தேடுங்கள்.

ஆனேக்கல்லில் அது சுலபம். பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடி. அத்திபெலேயைத் தாண்டினால் ஓசூர். இந்தப் பக்கம் பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகள். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது நான்கும் பழைய குடிகள்; ஃபேக்டரி வேலைக்கு வந்தவர்களோடு இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. காலையில் டீச்சர் அபிநயப் பாட்டு சொல்லிக்கொடுக்கும்போது முன்வரிசையில் கணீரென்று பாடும் பிள்ளையைப் பார்க்காதீர்கள். மூன்றாவது வரிசையில், கன்னடம் இன்னும் பிடிபடாத பிள்ளையைப் பாருங்கள். வாய் அசையாது, கண் பக்கத்துப் பிள்ளையின் கையில் இருக்கும். மழை என்றதும் எல்லார் விரல்களும் இறங்கி முடிந்த பிறகு, அரை நொடி பிந்தி இவளுடைய விரல்கள் இறங்கும். அந்த அரை நொடி வாரா வாரம் குறைந்துகொண்டே வரும். சொல் பிறகு வரும், மழை முதலில் வந்துவிடும். பாட்டு முடிந்ததும் கைதட்டிவிடாதீர்கள், மொத்த வகுப்பும் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

சுவருக்கு வருவோம். சில மையங்களில் செம்மண் நிறத்தில் வெள்ளைக் குச்சி மனிதர்கள் வட்டமாகக் கைகோத்து ஆடுவார்கள்: வார்லி. மகாராஷ்டிரத்துப் பழங்குடிப் பெண்கள் கல்யாண வீட்டுச் சுவரில் அரிசி மாவால் எழுதும் ஓவியம் ஆனேக்கல்லில் என்ன செய்கிறது என்று நான் ஒருமுறை முகம் சுளித்தேன். கடைத்தெரு காபி கடையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லோரும் எடுத்துக்கொண்ட வடிவமாயிற்றே என்ற எரிச்சல். பிறகுதான் உறைத்தது. அங்கன்வாடி என்ற யோசனை உருவானதே அந்த வார்லிகளின் ஊரில். கல்வியாளர் தாராபாய் மோடக் 1945இல் போர்டியில் பிள்ளைகளுக்கான மையம் தொடங்கினார். 1957இல் அது கோஸ்பாடு குன்றுக்குப் போனது. கூட அனுதாய் வாக். பள்ளிக்கு வராத பழங்குடிப் பிள்ளைகளைத் தேடி அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். விலை கொடுத்து வாங்கும் மாண்டிசோரி சாமான்களுக்குப் பதில் கூழாங்கல், இலை, கிளிஞ்சல். ஆக, இந்தச் சுவரில் ஆடும் அந்தக் குச்சி மனிதர்களுக்கு நம் எல்லோரையும் விட உரிமை அதிகம். வரைந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

கட்டடத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். கதவு திறக்கும் இடத்தில் தரையில் பாகைமானி போலக் கோடுகள், எழுத்துப் பயிற்சிக்கு விரல் ஓட்ட வளைத்த ஜன்னல் கம்பி என்று ஏதாவது தென்பட்டால், அது கபீர் வாஜ்பாயி என்ற கட்டடக் கலைஞரின் வின்யாஸ் அமைப்பு பரப்பிய 'பாலா' என்ற யோசனை. கட்டடமே பாடப் பொருள் என்பது அதன் சாரம். கம்பியில் பெயின்ட் தேய்ந்திருந்தால் விரல்கள் ஓடியிருக்கின்றன. பெயின்ட் புதுசாகவே இருந்தால் ஜன்னல் எட்டாத உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

போவதற்கு நல்ல மாதம் செப்டம்பர். 2018இலிருந்து செப்டம்பர் ஊட்டச்சத்து மாதம். அங்கன்வாடிகளில் தானியக் கோலம் போடுவார்கள். 2017 அக்டோபர் 2 அன்று கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் மையத்துக்கே வந்து மதியம் சூடாகச் சாப்பிடும் 'மாத்ருபூர்ணா' ஏற்பாட்டைக் கர்நாடகம் தொடங்கியதால், ஒருவரையொருவர் அறிந்த கைகள் ஏற்கெனவே உண்டு. கோலம் முடிந்தபின் போகாதீர்கள். முடிந்ததைப் போட்டோவிலேயே பார்க்கலாம், அதற்காகத்தான் பாதி போடுவதும். தொடங்கும்போது போங்கள்.

முதலில் சாக்பீஸில் உருவம்: பெரும்பாலும் ஒரு கர்ப்பிணி, அல்லது ஒரு சாப்பாட்டுத் தட்டு. அடுத்து ஓரம். ஓரத்துக்குத் துவரம்பருப்புதான் சரி; ஒரு பக்கம் தட்டை, வைத்த இடத்தில் நிற்கும். பச்சைப்பயறு சொன்ன பேச்சு கேட்காது. கேழ்வரகு இன்னும் மோசம்: கடுகு மாதிரி உருண்டை, சிமென்ட் தரையில் ஓடிவிடும். அதனால் கேழ்வரகு கடைசியில்தான், பருப்பு வேலிக்குள், உள்ளங்கையைக் குவித்து, கட்டைவிரல் பக்கமாக மெல்ல விட வேண்டும். பழகாதவர் மேலிருந்து போட்டுவிட்டால் கர்ப்பிணியின் சேலை நிறம் பக்கத்திலிருக்கும் கேரட்டுக்குப் போய்விடும். அப்போது எழும் சிரிப்பையும் கோலத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஓரத்தைப் பின்தொடருங்கள். ஓரிடத்தில் பருப்பு ஒன்றையொன்று தொட்டு நெருக்கமாக நிற்கும். ஒரு முழம் தள்ளி திடீரென்று இடைவெளி விழும். அங்கே வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். நெருக்கிப் போட்டவள் சின்ன வயதிலிருந்து புள்ளி வைத்த கை. இடைவெளி விட்டவள் பருப்பு விலையை நினைத்துக்கொண்டவளாகவும் இருக்கலாம். முருங்கைக்கீரையைக் காம்போடு வைப்பவர், உருவி வைப்பவர் என்று அதிலும் இரண்டு வீடு தெரியும். டீச்சர் பின்னால் வந்து சரிசெய்துவிடுவதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள். சரிசெய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பதிவேடு, எடை, சமையல், போன் செயலி எல்லாம் முடித்துவிட்டு இதற்கும் முழங்கால் மடக்கும் அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா நகரத்துப் பாலர் பள்ளிகளில் ஓவியக் கூடமும் அதற்கென்றே ஒரு கலைஞரும் உண்டு. இங்கே அந்தக் கலைஞரும் டீச்சர்தான்.

நடைமுறைக்கு: முன்பே டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன் போங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். பென்சில் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லதுதான், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் போதுமான எண்ணிக்கையில்.

போட்டோ எடுத்து முடிந்ததும் பெரியவர்கள் கிளம்புவார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். ஹெல்பர் காலண்டர் அட்டையால் கோலத்தை ஒரு ஓரமாகத் தள்ளுவார். கர்ப்பிணி, தட்டு, சேலை எல்லாம் ஒரே குவியல். அதை முறத்தில் போட்டுப் புடைத்தால் கேழ்வரகு ஒரு பக்கம் ஒதுங்கும்; பருப்பையும் பயறையும் பிரிக்கப் பிள்ளைகள் சுற்றி உட்காருவார்கள். மஞ்சள் இந்தக் கிண்ணம், பச்சை அந்தக் கிண்ணம். அன்றைக்கு நிறப் பாடம் தனியாகத் தேவையில்லை. ஒரு பையன் மட்டும் எந்தக் கிண்ணத்திலும் சேராத ஒரு வேர்க்கடலையைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்ப்பான். டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.