எளிமை என்னும் புனைவு: ‘நெப்ராஸ்கா’ இசைத்தொகுப்பும் அம்மை வனப்பும்

அறந்தாங்கியை அடுத்துள்ள ஆவுடையார்கோயிலின் கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடையாகிய பீடம் மட்டுமே உண்டு. நந்தியும் கொடிமரமும் அங்கில்லை. ஆயினும் அவ்வெறுமையைச் சூழ்ந்து நிற்பவை, மரச்சட்டங்களையும் ஆணிகளையும் கல்லிலேயே வடித்த கொடுங்கைகளையுடைய மண்டபங்கள். கலையில் குறைத்தலைப் போற்றுவோர் பீடத்தைக் காண்கின்றனர், மண்டபத்தை மறந்துவிடுகின்றனர். அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ (1982) தொகுப்பைப் பற்றிய பாராட்டுகளிலும் இம்மறதி உண்டு.

‘தி ரிவர்’ (1980) என்னும் இரட்டை இசைத்தட்டை ‘இ ஸ்ட்ரீட்’ குழுவின் முழு ஆரவாரத்துடன் வெளியிட்டவர் ஸ்பிரிங்ஸ்டீன். 1982 சனவரியில், நியூ செர்சியின் கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில் வாடகை வீட்டின் படுக்கையறையில் அமர்ந்து, நான்கு தடங்கள் கொண்ட ஒலிநாடாக் கருவியில் புதிய பாடல்களைத் தனியே பதிவு செய்தார். குழுவினருக்குக் கற்பிப்பதற்கான மாதிரி என்பதே அப்பதிவின் நோக்கம். பின்னர்க் கூடத்தில் குழுவோடு இசைத்துப் பார்த்தும் நிறைவு கிட்டாமையால், அந்த நாடாப் பதிவே செப்டம்பரில் தொகுப்பாக வெளிவந்தது.

இதனை ‘ஒப்பனையற்ற உண்மை’ என்பது வழக்கம். அக்கூற்று இருவகையில் பொருந்தாது. முதலாவது, அப்பதிவும் புனையப்பட்டதே. குரலும் கிதாரும் ஒரே வேளையில் ஒலிக்க, அவற்றின்மேல் மாண்டலின் முதலியன தனித் தடங்களில் சேர்க்கப்பட்டன. எதிரொலிக் கருவியின் வழியாகக் குரல் தொலைவிலிருந்து வருவதுபோல் ஆக்கப்பட்டது. தனிமை இங்கே செய்யப்பட்ட ஒன்று. இரண்டாவது, தலைப்புப் பாடலில் ‘நான்’ எனப் பேசுபவன் பாடகன் அல்லன். 1958-இல் பலரைக் கொன்ற சார்லசு ஸ்டார்க்வெதரைத் தழுவிய ஒரு கொலையாளி. அகப்பாடலில் தலைவி கூற்றைப் புலவனின் வாக்குமூலமாக நாம் கொள்வதில்லை. குரலொன்று கிதாரொன்றுடன் ஒலித்தவுடன் அப்பயிற்சியைக் கைவிடுவது ஏன்?

தொல்காப்பியச் செய்யுளியல் எட்டு வனப்புகளைக் கூறுகிறது. சில மெல்லிய சொற்களால் சில அடிகளில் அமைவது அம்மை. விரிந்த மொழியால் நெடிது செல்வதும் தோல் என்னும் வனப்பின்பாற்படும். ஒன்று மற்றொன்றினும் உண்மையானது என்று அந்நூல் தரம் பிரிக்கவில்லை. இப்பார்வை ‘நெப்ராஸ்கா’வுக்கு நன்கு பொருந்துகிறது. ‘தி ரிவர்’ என்னும் மண்டபத்தைக் கடந்து வந்தவர்க்கே இப்பீடத்தின் வெறுமை உறைக்கும். முரசு எங்கே எழவேண்டுமோ அங்கே எழாமல் போவதைச் செவி உணர்கிறது. (நிக் டிரேக்கின் 1972-ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘பிங்க் மூன்’ இதனினும் ஒடுங்கியது, ஆனால் அதன் முன்னே இத்தகைய ஆரவாரம் இல்லை.)

எனினும் வனப்பின் தேர்வு பொருளைப் பாதிக்காது என்பதற்கில்லை. வியட்நாம் போரிலிருந்து மீண்டு வேலையின்றி அலைபவனைப் பற்றிய ‘பார்ன் இன் தி யு.எசு.ஏ.’ பாடலும் அதே படுக்கையறைப் பதிவுகளுள் ஒன்று. 1984-இல் குழுவின் முழக்கத்தோடு அது வெளிவந்தபோது பலர் நாட்டுப்பெருமைப் பாடலாகவே கேட்டனர். அவ்வாண்டுத் தேர்தல் பரப்புரையில் ரொனால்டு ரீகனும் ஸ்பிரிங்ஸ்டீனின் பெயரைத் துணைக்கழைத்தார். 1998-இல் வெளியான தனிக்குரல் வடிவத்தை அவ்வாறு கேட்க இயலாது. சொற்கள் பெரிதும் அவையே. முரசும் விசைப்பலகையும் நீங்கியதும் அழுகை மேலெழுகிறது.

நம் நாட்டார் வழக்காற்றுக் களப்பணிக்கு இது தொலைவான செய்தியன்று. நடவு வயலிலும் இழவு வீட்டிலும் பதிவான பாடல்களுக்கு விசைப்பலகைத் தாளம் சேர்த்து வெளியிடுவது இன்று எளிதாகிவிட்டது. ஒப்பாரியில் இரு அடிகளுக்கு இடையே வரும் மூச்சையும் விம்மலையும் ‘இரைச்சல்’ என நீக்கும் மென்பொருள்களும் கைப்பேசியிலேயே உள்ளன. சேர்த்த பதிப்பு தவறு என்பது என் வாதமன்று. அது வேறொரு வனப்பு, வேறொரு பொருள். ஆனால் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் எப்பதிவு இடம்பெறுகிறது, மூலநாடா எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பவற்றை ஆய்வாளர் குறிப்பிடுதல் வேண்டும். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டாத சுவடிப் பதிப்பை நாம் ஏற்பதில்லை. ஒலிக்கு மட்டும் விலக்களிக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை.