மக்களாட்சி, குடியரசு: ஒரு சொற்பொருள் நோக்கு

மக்களாட்சி, சனநாயகம், குடியரசு என்னும் மூன்றனையும் ஒருபொருட் பன்மொழியாக ஆளும் வழக்கு ஆய்வேடுகளிலும் புகுந்துள்ளது. இஃது ஏற்கத்தக்கதன்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் முகப்புரை மக்களாட்சியையும் குடியரசையும் அடுத்தடுத்துக் கூறுகின்றது. இரண்டும் ஒன்றாயின் கூறியது கூறல் என்னும் குற்றம் அதற்கு நேரும்.

குடியரசு முடியரசின் மறுதலை. நாட்டின் தலைமை ஒரு குடியில் வழிவழி வருவதன்று என்னும் அளவே அதன் பொருள். பர்படோசு 2021-இல் குடியரசாயிற்று. ஆயினும் அந்நாட்டார் அதற்கு முன்பே வாக்களித்து ஆட்சியமைத்து வந்தனர். பிரித்தானியா இன்றும் முடியரசே. அதனை மக்களாட்சி அன்றென்பார் அரியர்.

இனி, மக்களாட்சி என்னும் தொகையை விரித்துக் காண்பாம். மன்னராட்சி என்புழி மன்னர் ஆள்வோர். வள்ளுவர் புலான்மறுத்தலுள் வழங்கும் பொருளாட்சி என்புழியோ பொருள் ஆளப்படுவது. அமைப்பு ஒன்றே, முன்மொழி ஆண்டு வினைமுதல், ஈண்டுச் செயப்படுபொருள். ஆகவே மக்களாட்சி என்பது மக்கள் ஆளும் ஆட்சி எனவும், மக்களை ஆளும் ஆட்சி எனவும் விரியும். தொகை ஏழு பொருள்காறும் மயங்கும் என்ற நன்னூலார் இதற்கு வியவார். 1863-இல் ஆபிரகாம் இலிங்கன் கெட்டிசுபர்க்கில் மக்களையும் அரசையும் இயைத்துக் கூறிய மூன்று உறவுகளும் தமிழில் ஆறாம், மூன்றாம், நான்காம் வேற்றுமைகளாய் நிற்பன. அவற்றுள் முதலாவதனை இரண்டாம் வேற்றுமைப் பொருட்டாகக் கொள்வாரும் உளர். மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று போலும். சனநாயகம் என்பதும் மக்களது தலைமை, மக்கள்மேல் தலைமை என இருபாற்படும்.

குடி என்னும் சொல்லின் வரலாறு இதனினும் சுவையுடையது. குறளில் செங்கோன்மை அதிகாரத்துக் குடி ஆளப்படுவோர்; குடிமை அதிகாரத்திலோ உயர்பிறப்பு. சிற்றூர் வழக்கில் குடிமகன் என்றது முடிதிருத்துவோர் முதலிய ஊழியரை. அச்சொல்லே இன்று வாக்குரிமையுடையானைச் சுட்டுகின்றது. ஏவல் கேட்டவனின் பெயர் ஆள்வோனுக்குப் பெயராயிற்று.

இவ்வேறுபாடுகளை மறந்தமையாலேயே உத்தரமேரூர்க் குடவோலையைப் பலர் மக்களாட்சி எனப் பாராட்டுகின்றனர். முதற் பராந்தகன் காலத்து, கி.பி. 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை அகவை, வேதக்கல்வி ஆகியன உடையார் பெயரே ஓலையில் ஏறும். பெண்டிரும் உழுகுடிகளும் அதனுள் இலர். பெயரைக் குடத்திலிருந்து எடுப்பது திருவுளச்சீட்டே; வாக்களிப்பு அன்று. சீட்டிட்டுப் பதவி தருதல் மக்களாட்சி முறையெனக் கருதப்பட்டதை அரித்தாட்டில் குறித்துள்ளார் என எடுத்துக்காட்டலாம். அது மெய்யே. ஆயின் ஏதென்சு நகரத்தில் ஏழைக் குடிமகனும் சீட்டுக்கு உரியனாயிருந்தான். உத்தரமேரூர் ஏற்பாடோ வேந்தன் ஆணைவழிப்பட்டது. அவன் அலுவலர் உடனிருப்ப நிகழ்ந்தது. பிரமதேய ஊரொன்றின் நிருவாகத் திறம் என்னும் அளவில் அதன் பெருமை சிறிதும் குறைவதில்லை. கல்வெட்டு தானே அதனைச் சபை என்கின்றது. நாமும் அச்சொல்லையே ஆளுதல் சாலும்.