வந்தியத்தேவனுக்குப் படையில் என்ன பதவி?

‘பொன்னியின் செல்வன்’ பற்றி வகுப்பில் பேச்செடுத்தால் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “டீச்சர், வந்தியத்தேவன் படையில என்னா ரேங்க்?” தளபதியா, ஒற்றனா, தூதனா, மெய்க்காவலனா? விடைத்தாளில் ஆளுக்கொரு பதவி கொடுத்துவிடுகிறார்கள். ‘சோழப் படைத் தளபதி வந்தியத்தேவன்’ என்று எழுதும் மாணவர்தான் அதிகம். நாவலின் எந்தப் பக்கத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது.

பாத்திரப் படைப்புக் கேள்விக்கு விடை எழுதப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. ஒரு போர்வீரனின் பணிப் பின்னணியை நூலில் உள்ள சான்றுகளை மட்டும் வைத்துத் தொகுக்க முடிகிறதா என்று பார்ப்போம்.

நூல் தரும் சான்றுகள்

கல்கி இந்த நாவலை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார். ஐந்து பாகம். இவ்வளவு பெரிய கதையில் நாயகனின் முந்தைய பணி பற்றி நேரடியாகக் கிடைப்பது மிகக் கொஞ்சம்தான்.

முதலாவது, குலம். அவன் வாணர் குலத்து வல்லவரையன். ஒரு காலத்தில் ஆண்ட குலம். கதை நடக்கும்போது அவன் கையில் ஆள நாடு இல்லை. பழுவேட்டரையர், கடம்பூர்ச் சம்புவரையர், திருக்கோவலூர் மலையமான் போன்ற சிற்றரசர்களுக்கு நிலமும் படையும் இருந்தன. இவனிடம் பெயர் மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது, எல்லைக் காவல். சோழநாட்டின் வட எல்லையில், வடபெண்ணைக் கரையில் அவன் காவல் புரிந்திருக்கிறான். கடம்பூர் இளவரசன் கந்தமாறன் அங்கேதான் அவனுக்கு நண்பனாகிறான்.

மூன்றாவது, ஆதித்த கரிகாலனின் நம்பிக்கை. காஞ்சியில் இருக்கும் பட்டத்து இளவரசன் தந்தைக்கு ஓர் ஓலையும் தங்கைக்கு ஓர் ஓலையும் கொடுத்து இவனை அனுப்புகிறான். அதே கரிகாலனோடு இருக்கும் பார்த்திபேந்திர பல்லவனுக்கு இவனைப் பிடிக்காது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். பழைய தோழன் ஒருவன் பக்கத்தில் இருக்க, நேற்று வந்தவனுக்கு அந்தரங்க வேலை போகிறதே!

நான்காவது, வாள் திறமை. இலங்கையில் அருள்மொழிவர்மர் தாம் யார் என்று சொல்லாமலே இவனோடு வாட்போர் செய்து பார்க்கிறார். ஓலை கைமாறுவதற்கு முன்னால் நடக்கும் இந்தப் போர் ஒருவகைத் தேர்வு. அதில் அவன் தேறுகிறான்.

நூலில் இல்லாததையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவன் தலைமையில் ஒரு படைப்பிரிவு இயங்கியதைக் கதையின் நடப்பில் நாம் பார்ப்பதில்லை. கடற்படைப் பயிற்சிக்கும் அடையாளம் கிடையாது. ஈழத்துக்குக் கடல் கடக்கப் பூங்குழலியின் படகைத்தான் நம்பிப் போகிறான். வீரபாண்டியனோடு நடந்த போரின் கதையைக் கரிகாலன் மாமல்லபுரத்தில் மனம்விட்டுச் சொல்வது பார்த்திபேந்திரனிடம். வந்தியத்தேவன் அப்போது தெற்கே போய்க்கொண்டிருக்கிறான்.

ஆக, நூலை மட்டும் வைத்துச் சொன்னால் அவன் எல்லைக் காவலில் இருந்த வீரன். பிறகு பட்டத்து இளவரசனின் நம்பிக்கைக்கு உரிய தூதன். ‘தளபதி’ என்பதற்குக் கதைத் தொடக்கத்தில் ஆதாரம் இல்லை.

கடன் வாங்கிய அடையாளங்கள்

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. கல்கி மறந்துபோய் பதவியைச் சொல்லாமல் விட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. கதையே இந்த வெற்றிடத்தை நம்பித்தான் ஓடுகிறது.

அவன் கடக்கும் வாசல்களைக் கவனியுங்கள். கடம்பூர் மாளிகையில் காவலர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். முரட்டுத்தனமாக உள்ளே நுழைகிறான். கந்தமாறன் வந்து ‘என் நண்பன்’ என்று சொன்ன பிறகே அமைதியாகிறது. தஞ்சைக் கோட்டை வாசலில் நந்தினி கொடுத்த பனை முத்திரை மோதிரம் வழி திறக்கிறது. ஈழத்தில் குந்தவையின் ஓலை. எங்கேயும் ‘நான் இன்ன படையின் இன்ன அதிகாரி’ என்று சொல்லி அவன் உள்ளே போவதில்லை. அடுத்தவர் கொடுத்த அடையாளத்தைக் காட்டித்தான் போகிறான்.

கடன் வாங்கிய அடையாளத்துக்கு விலை உண்டு. நந்தினியின் மோதிரம் அவனை நந்தினியின் ஆள் என்று சந்தேகிக்க இடம் கொடுக்கிறது. சக்கரவர்த்தியின் முன்னால் ‘அபாயம்’ என்று எச்சரித்துவிட்டு, சின்னப் பழுவேட்டரையர் கேட்டதும் ‘அபயம்’ என்றேன் என்று சமாளிக்க வேண்டி வருகிறது. பதவி உள்ளவன் அறிக்கை கொடுக்கலாம். பதவி இல்லாதவனுக்கு ஓர் எழுத்தை மாற்றித்தான் உயிர் பிழைக்க முடிகிறது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை கந்தமாறன் விஷயம். வந்தியத்தேவனின் எல்லைக் காவல் நாட்களுக்குக் கதையில் நமக்குக் கிடைக்கும் நேரடிச் சாட்சி அவன். தஞ்சையில் கந்தமாறன் முதுகில் குத்தப்படுகிறான். தூக்கிச் சென்று காப்பாற்றியவன் வந்தியத்தேவன். ஆனால் குத்தியவனே இவன்தான் என்று கந்தமாறன் நம்பிவிடுகிறான். பணி வரலாற்றுக்கு இருந்த ஒரே சாட்சி எதிர்ச்சாட்சியாகிறது! பாத்திரத் திட்டத்தில் கல்கியின் கெட்டிக்காரத்தனம் இதில் தெரிகிறது.

பிற்பகுதியில் அவனுக்கு உண்மையான காவல் வேலை ஒன்று வருகிறது. கரிகாலனைக் கடம்பூருக்குப் போகவிடாமல் தடுக்க வேண்டும், போனால் கூடவே இருந்து காக்க வேண்டும் என்று குந்தவை அனுப்புகிறாள். அந்த வேலையில் தோற்கிறான். கரிகாலன் இறக்கிறான், பழி இவன் மேல் விழுகிறது, பாதாளச் சிறைக்குப் போகிறான். ‘வீரம், நகைச்சுவை, துணிச்சல்’ என்று மூன்று பண்புகளைப் பட்டியல் போட்டு முடிக்கும் விடைகள் இந்தத் தோல்வியைத் தொடுவதே இல்லை. சிரிக்க வைத்துக்கொண்டே வந்த பாத்திரத்துக்கு எடை சேர்வது இங்கேதான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சந்தர்ப்பம் அவனுக்கு அளவுக்கு மீறி உதவுகிறது. தப்பிக்க வழி தேவைப்படும் இடத்தில் ஒரு சுரங்கப் பாதையோ ஒரு நல்ல மனிதரோ வந்துவிடுகிறார். எல்லைக் காவலில் கற்ற போர்ப் பயிற்சி அவனைக் காப்பாற்றியதாகக் காட்டும் இடங்கள் குறைவு. தொடர்கதையின் வாராந்தரத் தேவை இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

கல்வெட்டு, சினிமா, நாவல்: மூன்று பெட்டிகள்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிப்பிடுகிறது. வந்தியத்தேவர் வரலாற்றில் வாழ்ந்தவர் என்பதற்கு அது சான்று. ஓலை கொண்டு போனதற்கோ ஈழம் போனதற்கோ அது சான்றாகாது. கருணாகரத் தொண்டைமானோடு ஒப்பிட்டால் இது நன்றாக விளங்கும். ‘கடல் புறா’ எழுதிய சாண்டில்யனுக்குத் தம் நாயகனின் கலிங்கப் போர் வெற்றியைப் பாட ஜெயங்கொண்டாரின் ‘கலிங்கத்துப்பரணி’ என்று ஓர் இலக்கியமே முன்னால் இருந்தது. கல்கிக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் இவ்வளவு சுதந்திரமும் கிடைத்தது.

2022லும் 2023லும் வந்த மணிரத்னத்தின் படங்கள் மூன்றாவது பெட்டி. முதல் படம் இராஷ்டிரகூடருடனான போரில் தொடங்குகிறது. கரிகாலனோடு சேர்ந்து போரிடுபவனாக வந்தியத்தேவன் அறிமுகமாகிறான். நாவலோ ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், களைத்த குதிரைமேல் தனியாக வருபவனைக் காட்டுகிறது. திரையில் போர்க்களத் தோழன். நூலில் பழுவேட்டரையரின் ஆட்களே கேலி செய்யும் தனி வழிப்போக்கன். படத்தில் அந்த மாற்றம் தவறில்லை. திரைக்கு அப்படி ஓர் அறிமுகம் தேவை. ஆனால் நாவல் பற்றிய கேள்விக்கு அதை எழுதினால் விடை தவறு.

வகுப்பில் செய்து பார்க்க

1. மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, ‘வந்தியத்தேவனின் பணிப் பதிவேடு’ ஒன்றைத் தயாரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பாகமும் அத்தியாயமும் குறிக்க வேண்டும். குறிக்க முடியாத வரி நீக்கப்படும்.

2. ஒவ்வொரு சான்றையும் யார் சொல்கிறார் என்று கேளுங்கள். ஆசிரியர் கூற்றா, பிற பாத்திரத்தின் கூற்றா, அவனே தன்னைப் பற்றிப் பேசுவதா? தன்னைப் பற்றி அவன் அடிக்கும் பெருமையை அப்படியே சான்றாக எடுக்கலாமா என்று விவாதிக்கட்டும்.

3. விடை எழுதும்போது ‘இதிலிருந்து தெரிகிறது’, ‘இதிலிருந்து ஊகிக்கலாம்’ என்ற இரண்டையும் பிரித்துப் பயன்படுத்தப் பழக்குங்கள். எல்லைக் காவல் தெரிந்தது. பார்த்திபேந்திரனின் வெறுப்புக்கு நான் மேலே சொன்ன காரணம் ஊகம்.

இந்தப் பழக்கம் வந்துவிட்டால், எந்த நாவல் பாடமாக வந்தாலும் மாணவர் நூலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார்.