பார்த்துத் திருத்த ஓர் ஆள்: குழந்தை மனநலப் பயிற்சியின் மரபுகள்

திருப்பூர் நல்லூரில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் யாரையாவது அடித்துவிட்டான் என்று தகவல் வந்தால், அவன் அம்மா பனியன் கம்பெனியில் அரை நாள் சம்பளத்தை விட்டுத்தான் அவனை டாக்டரிடமோ கவுன்சலரிடமோ கூட்டிப்போக வேண்டும். அப்பா கட்டிங், அம்மா செக்கிங். ஷிப்மென்ட் நெருங்கினால் இருவருக்கும் ஒன்றரை ஷிப்ட். அப்படி வருகிற தாய்க்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் என்ன கற்றிருக்கிறார், எப்படிக் கற்றிருக்கிறார்? சுவரில் தொங்கும் சான்றிதழ் அதைச் சொல்லாது. அவர் குடும்பத்தோடு வேலை செய்யும்போது தேர்ந்த ஒருவர் பார்த்துத் திருத்தியிருக்கிறாரா, அவரிடம் வந்த பிள்ளைகள் தேறினார்களா என்று யாராவது அளந்திருக்கிறார்களா? இந்த இரண்டையும் உரைகல்லாக வைத்துக்கொண்டு இத்துறையின் மரபுகளைப் பார்க்கலாம்.

குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பதில் நம் நாடு பிந்தியதல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். 1957இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் வளாகத்தில் மனநல மையம் தொடங்கியது. டாக்டர் புளோரன்ஸ் நிக்கோல்ஸ் முன்னின்று உருவாக்கிய அந்த மையத்தில் வீட்டார் நோயாளியோடு தங்குவது வழக்கமானது. உலகின் பல ஊர்களில் உறவினரை வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

குழந்தைகளுக்கென்று அங்கே வளர்ந்த பிரிவு நம்பிக்கை நிலையம். அறிவுத்திறன் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளையோடு தாயோ தகப்பனோ பல வாரங்கள் தங்கிப் பழகுகிறார்கள். இந்த வகைப் பயிற்சியின் நுணுக்கத்துக்கு ஓர் உதாரணம்: சட்டை போடுவதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக்கொள்வார்கள். மற்றதையெல்லாம் பெரியவர் செய்துவிட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளையைப் போடவிடுவார். அது கைவந்தபின் அதற்கு முந்திய பொத்தான். முடித்த சந்தோஷம் ஒவ்வொரு முறையும் பிள்ளைக்கே கிடைக்கும். அங்கே டாக்டர் பால் ரஸ்ஸலும் சகாக்களும் பெற்றோருக்கான பத்து வாரக் குழுப் பயிற்சியைச் சோதித்து, முடிவை 1999இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரியில் வெளியிட்டார்கள். வெறும் சொற்பொழிவு கேட்ட பெற்றோரைவிட, பேசி விவாதித்துக் கற்ற பெற்றோரின் மனப்பாங்கே கூடுதலாக மாறியிருந்தது. பெற்றோருக்கு உரை போதவில்லை என்றால், அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வருகிறவருக்கு மட்டும் எப்படிப் போதும்?

பெங்களூரு மரபு வேறு வகை. 1955இல் அங்கே மருத்துவ உளவியல் படிப்பு தொடங்கியது. அன்று அகில இந்திய மனநல நிறுவனமாக இருந்ததுதான் 1974இல் நிம்ஹான்ஸ் ஆனது. நோயாளியின் முழு வரலாற்றை எழுதி மூத்தவர் முன் வைத்து, கேள்விக்குப் பதில் சொல்லித் தேறுகிற ஒழுக்கத்தை நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நிறுவனம். இன்று ஊர் ஊராகப் பெருகியிருக்கும் வார இறுதிச் சான்றிதழ் வகுப்புகள் அந்த ஒழுக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பவர்பாயின்ட் ஓடுகிறது, குழுப்படம் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை முதல் 'குழந்தை ஆலோசகர்' என்ற பலகை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. திருப்பூரில் ஓவர்லாக் பழக வருகிறவரை மூன்று நாள் வகுப்பில் உட்காரவைத்து டெய்லர் என்று யாரும் சொல்வதில்லை. பக்கத்தில் ஒருவர் நின்று, தையல் கோணினால் பிரித்துத் தைக்கச் சொல்கிறார்.

அந்தப் 'பக்கத்தில் நிற்பதை' முறையாக ஆக்கியது அமெரிக்காவில் ஷீலா ஐபர்க் 1970களில் உருவாக்கிய பெற்றோர்-குழந்தை ஊடாட்ட சிகிச்சை. இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள அடங்காத பிள்ளைகளுக்கானது. தாயும் பிள்ளையும் ஓர் அறையில் விளையாடுவார்கள். ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் சிகிச்சையாளர். தாயின் காதில் சின்ன இயர்போன். அவர் சொல்லச் சொல்லத் தாய் செய்கிறாள். முதல் கட்டத்தின் அளவுகோலை இங்கே தருவதற்குக் காரணம் அதன் கறார்த்தன்மை. ஐந்து நிமிடத்துக்குள் குறிப்பிட்டுச் சொன்ன பாராட்டு பத்து, பிள்ளை பேசியதைத் திருப்பிச் சொல்வது பத்து, அது செய்வதை வர்ணிப்பது பத்து இருக்க வேண்டும். கேள்வி, கட்டளை, குறை மூன்றும் சேர்த்தே மூன்றைத் தாண்டக் கூடாது.

நம் வீட்டுப் பேச்சை ஐந்து நிமிடம் எண்ணிப் பாருங்கள். "எழுதிட்டியா? ஏன் இப்படிப் பண்ற? அதை வைடா கீழ." எல்லாமே கேள்வி, கட்டளை. "சிவப்புக் கட்டைய மேல வெக்கிற சாமி", "பொம்மைய நீயே எடுத்து வெச்சது ரொம்ப நல்லாருக்கு கண்ணு" என்று சொல்ல வாய் பழக வேண்டும். சிகிச்சையாளராக வர விரும்புகிறவரும் இந்த எண்ணிக்கையைத் தானே செய்து காட்ட வேண்டும். நாற்பது மணி நேர அடிப்படைப் பயிற்சி, பிறகு மேற்பார்வையில் இரண்டு குடும்பங்களைக் கடைசிவரை நடத்தி முடிப்பது, அதன்பின்தான் சான்று. தாய்க்கு வீட்டுப்பாடம் ஒரு நாளைக்கு ஐந்தே நிமிடம் என்பதால், ஷிப்ட் முடிந்து வருகிறவளாலும் முடியும்.

எல்லாருக்கும் சிறப்பு மருத்துவர் கிடைக்க மாட்டார் என்ற உண்மையிலிருந்து கிளம்பியது கோவாவின் சங்காத் அமைப்பின் மரபு. ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்காக மான்செஸ்டரில் உருவான முறையைத் தெற்காசியாவுக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். முடிவு 2016இல் வந்தது. நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, தாயோடு உட்கார்ந்து, பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்த அந்தக் கணத்தில் நிறுத்திக் காட்டுவார்கள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வுகள். பெற்றோர் பிள்ளைக்கு இசைந்து பதில் தருவது கூடியது. களப்பணியாளர் நடத்திய அமர்வுகளையும் மேற்பார்வையாளர்கள் மதிப்பிட்டார்கள்.

நம் மொழியிலேயே நடந்த சோதனை ஈழத்தில் கிடைக்கிறது. போரும் 2004 சுனாமியும் அடித்த வடகிழக்கில் ஆசிரியர்களை உளவளத் துணைக்குப் பயிற்றுவித்தார்கள். அப்படிப் பயின்றவர்கள் 31 பிள்ளைகளுக்குக் கொடுத்த சிகிச்சை பற்றிய ஆய்வு 2009இல் வெளியானது. நடந்ததைக் கதையாகச் சொல்லவைக்கும் முறை, தியானமும் தளர்வும் கலந்த முறை இரண்டுமே பலன் தந்தன. 2012இல் வெளியான இன்னொரு பெரிய சோதனையில் வடக்கின் 399 பள்ளிப் பிள்ளைகளிடம் வகுப்பறைத் திட்டம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். முதன்மை அளவுகளில் ஒட்டுமொத்தப் பலன் தெரியவில்லை. அதிர்ச்சி அறிகுறிகள் குறைவதில், திட்டத்தில் சேர்ந்த பெண் பிள்ளைகள் காத்திருப்புப் பட்டியலில் இருந்த பெண் பிள்ளைகளைவிடப் பின்தங்கினார்கள். அதை மறைக்காமல் எழுதினார்களே, அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். நல்லெண்ணத்தோடு செய்வதும் பிள்ளைக்கு உதவாமல் போகலாம் என்பது அளந்ததால்தான் தெரிந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2015-16 தேசிய மனநல ஆய்வு, நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகக் கண்டது. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மாவட்ட மனநலத் திட்டமும், பிள்ளைகளுக்கான ஆரம்ப இடையீட்டு மையமும் அரசுத் திட்டத்திலேயே உள்ளவை. இவற்றில் வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம், குடும்பத்தின் சம்மதத்தோடு பதிவான அமர்வை மூத்தவர் ஒருவர் கூட உட்கார்ந்து பார்க்கும் ஏற்பாடு வேண்டும். வேலூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வீடியோ அழைப்பில் பார்த்தாலும் போதும். ஞாயிற்றுக்கிழமை அமர்வு வேண்டும், இல்லையென்றால் பனியன் கம்பெனித் தகப்பன் ஒருநாளும் வரமாட்டார். கைநூல்கள் கொங்குத் தமிழிலும், இங்கே பிழைக்க வந்த குடும்பங்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் எழுதப்பட வேண்டும். சிகிச்சை தொடங்கும் நாளிலும் மூன்று மாதம் கழித்தும் ஒரே கேள்வித்தாளைப் பெற்றோரிடம் கொடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு, தேறாத பிள்ளைகளின் கோப்பை மாதக் கூட்டத்தில் முதலில் எடுக்க வேண்டும்.